எரிந்த இடத்தில் எது வர வேண்டும்?

1992 ஏப்ரல் 29. ராட்னி கிங் என்ற கறுப்பினத்தவரை அடித்து நொறுக்கிய போலீஸ்காரர்களை நீதிமன்றம் விடுவித்தது. லாஸ் ஏஞ்சல்ஸ் பற்றி எரிந்தது. 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். சேதம் சுமார் 100 கோடி டாலர்.

நகரின் தெற்குப் பகுதியில் எரிந்தவற்றில் ஏறத்தாழ 200 மதுக்கடைகளும் இருந்தன. உரிமையாளர்கள் பழையபடி திறக்க அனுமதி கேட்டார்கள். அங்கே வாழ்ந்த கறுப்பின, லத்தீன் மக்கள் மறுத்தார்கள். 1990இல் கேரன் பாஸ் தொடங்கிய 'கம்யூனிட்டி கோயலிஷன்' அமைப்பில் திரண்டு பொது விசாரணைகளில் பேசினார்கள். பெரும்பாலானவை மதுக்கடைகளாகத் திரும்பவே இல்லை.

கடை இழந்தவர்களில் பலர் கொரியாவிலிருந்து குடியேறிய சிறு வியாபாரிகள். போதிய காப்பீடுகூடப் பலருக்கு இல்லை. மதுக்கடை வேண்டாம் என்ற கோரிக்கை நியாயமானது. அதன் செலவை அந்த வியாபாரிகள் தலையில் கட்டுவது நியாயமல்ல. அதை அரசுதான் ஏற்க வேண்டும். எளியவர்களை மோதவிட்டு அரசு ஒதுங்கிக்கொள்ள நாம் இடம் தரக் கூடாது.

தோழர்களே, சேரி எரிக்கப்பட்ட பிறகு ஆட்சியரிடம் நாம் கொடுக்கும் மனுவில் நிவாரணத் தொகைக்குக் கீழே இன்னொரு வரியும் வேண்டும்: இந்த இடத்தில் இனி எது வர வேண்டும் என்பதை இங்கே வாழும் நாங்களே கூடி முடிவு செய்வோம்.