சொல்லாமல் மன்னிக்கும் பிரவுசர்

வெப் டிசைன் கற்றுக்கொள்ளப் புதிதாக உட்காருபவருக்குக் கோண அடைப்புக்குறிகள் நிரம்பிய திரையைப் பார்த்ததும் உள்ளங்கை வியர்க்கிறது. ஒரு புள்ளி பிசகினாலும் கம்ப்யூட்டர் படுத்துவிடும் என்ற நினைப்பு. வணிகவியல் படித்தவர்கள், பிள்ளைகள் வளர்ந்தபின் சொந்தத் தொழில் பற்றி யோசிக்கும் பெண்கள், கணக்கென்றாலே ஓடியவர்கள் என்று பலருக்கும் இந்தப் பயம் உண்டு. பயப்படலாம்தான். ஆனால் இங்கே அல்ல.

பக்கத்துக்கு அடிப்படையான எச்.டி.எம்.எல். பரம சாது. ஒரு டேகை முடிக்காமல் விட்டாலும் சரி, இல்லாத டேகை எழுதினாலும் சரி, பிரவுசர் கோபித்துக்கொள்ளாது. புரிந்ததைக் காட்டும், புரியாததைத் தாண்டிப் போகும். ஜெனீவா அருகே செர்ன் ஆய்வுக்கூடத்தில் டிம் பெர்னர்ஸ்-லீ உருவாக்கிய முதல் இணையப் பக்கம் 1991ல் வெளியுலகுக்குத் தெரிந்தது. அதன் 1992ஆம் ஆண்டுப் பிரதி இன்றைய பிரவுசரிலும் திறக்கிறது. இத்தனைக்கும் இன்றைய விதிகளில் இல்லாத ‘நெக்ஸ்ட் ஐடி’ என்ற டேக் அதில் இருக்கிறது! நிறம், எழுத்தளவு போன்ற அலங்காரங்களைக் கவனிக்க 1996ல் வந்த சி.எஸ்.எஸ்ஸும் இதே ரகம்தான்.

தொல்லையே இந்தப் பெருந்தன்மையில்தான். தவறு எங்கே என்று யாரும் சொல்வதில்லை. நோட்பேடுக்குப் பதில் வேர்டில் எழுதினால் நேரான மேற்கோள் குறி வளைந்த குறியாகிவிடும். பார்க்க அழகு, லிங்க் மட்டும் வேலை செய்யாது. ஃபைல் பெயரில் இருப்பது பெரிய ஆங்கில எழுத்தா, சின்ன எழுத்தா என்று விண்டோஸ் பொதுவாகக் கவலைப்படாது. சர்வரில் ஓடும் லினக்ஸ் கறாராகப் பார்க்கும். வீட்டில் பளிச்சென்று தெரிந்த படம், சர்வரில் ஏற்றியதும் காணாமல் போய்விடும். தமிழில் பக்கம் செய்பவருக்குக் கூடுதலாக ஒரு சோதனை: யு.டி.எஃப்-8 என்று குறிப்பிடும் ஒரு வரியை விட்டுவிட்டால் ‘வணக்கம்’ இருக்க வேண்டிய இடத்தில் உச்சிக்கோடு போட்ட ஐரோப்பிய எழுத்துகள் வரிசையாக வந்து நிற்கலாம். ‘நமக்கு இது வராது’ என்று பலர் எழுந்து போவது இந்த மாதிரி அற்ப விஷயங்களால்தான். மூளையைக் குறை சொல்ல இதில் ஒன்றுமில்லை.

ஜாவாஸ்கிரிப்ட் வேறு ஜாதி. பிரெண்டன் ஐக் 1995ல் அதன் முதல் வடிவத்தைப் பத்தே நாளில் எழுதினார். அந்த அவசரம் அதன் குணத்திலும் தெரிகிறது. ஒரே ஒரு அடைப்புக்குறி விட்டுப்போனால் அந்த ஃபைல் முழுவதும் ஓட மறுக்கும். ஆனால் எஃப்12 பட்டனை அழுத்திக் கன்சோலைத் திறந்தால் சிவப்பு எழுத்தில், வரி எண்ணோடு குற்றத்தைச் சொல்லிவிடும். புதியவர்கள் அந்தச் சிவப்பைக் கண்டதும் பதறி மூடிவிடுகிறார்கள். அந்த அறையில் அவர்களுக்கு உதவ வரும் ஒரே குரல் அதுதான். சொன்ன வரியில் தவறு தென்படாவிட்டால் மேலே தேட வேண்டும். விட்டுப்போன அடைப்புக்குறியைப் பிரவுசர் பல சமயம் ஃபைலின் கடைசி வரிக்கு வந்த பிறகுதான் கவனிக்கிறது.