ஊருணியைத் தூர்வாருவோர் யார்?

ஊருணியின் நீர் ஊரார் அனைவருக்கும் பொது. கோடையில் மண்வெட்டியோடு அதில் இறங்குவோரோ சிலர். திறந்த மூல மென்பொருளின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அதன் மூலநிரலை எவரும் படிக்கலாம், திருத்தலாம், பிறருக்கு வழங்கலாம். ஓய்வுநேரத் தொண்டர்களே இதனை எழுதுகின்றனர் என்பது பரவலான எண்ணம். ஆனால், லினக்ஸ் போன்ற பெருந்திட்டங்களில் நிறுவனங்களிடம் ஊதியம் பெறும் பொறியாளர்களின் உழைப்பே மிகுதி. அந்நிறுவனங்கள் ஒருநாள் கையை விலக்கிக்கொள்வது ஏன்?

நம் மேல்நிலைக் கணினிப் பாடநூல்களில் முன்பு ஸ்டார் ஆபீஸும் பின்னர் ஓபன் ஆபீஸும் இடம்பெற்றன. ஒன்றிலிருந்து கிளைத்ததே மற்றொன்று. ஜெர்மனியில் பிறந்த ஸ்டார் ஆபீஸை 1999ஆம் ஆண்டு சன் மைக்ரோசிஸ்டம்ஸ் நிறுவனம் விலைக்கு வாங்கியது. மறு ஆண்டே அதன் மூலநிரலைப் பொதுவில் வைத்தது. இது வெறும் ஈகையன்று. அலுவலக மென்பொருள் சந்தையில் மைக்ரோசாஃப்டின் பிடியைத் தளர்த்தும் நோக்கமும் அதில் இருந்தது. நோக்கம் எதுவாயினும் பயன் நமக்குக் கிடைத்தது என்பதை மறுப்பது நன்றியாகாது.

2010ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஆரக்கிள் நிறுவனம் சன்னை வாங்கியது. உரிமையாளர் மாறியதும் கணக்கும் மாறியது. திட்டத்தின் எதிர்காலம் குறித்து ஐயுற்ற பங்களிப்பாளர்கள் பலர், அவ்வாண்டு செப்டம்பரில் பிரிந்து லிப்ரே ஆபீஸைத் தொடங்கினர். 2011ஆம் ஆண்டில் ஆரக்கிள், ஓபன் ஆபீஸை அப்பாச்சி அறக்கட்டளையிடம் ஒப்படைத்து விலகிக்கொண்டது.

எல்லா விலகலும் இத்தகைய அறிவிப்போடு நிகழ்வதில்லை. நிறுவனம் ஒன்று தன் தேவைக்காக நிரலில் ஒரு திருத்தம் செய்கிறது. அதனைப் பொதுத்திட்டத்தில் சேர்க்க வேண்டுமாயின் பராமரிப்பாளரின் வினாக்களுக்கு விடையளிக்க வேண்டும். சோதனைகள் எழுத வேண்டும். சட்டப்பிரிவின் இசைவைப் பெற வேண்டும். விற்பனைக்கு நாள் குறித்தபின் இவற்றுக்குப் பொறுமை ஏது? திருத்தம் நிறுவனத்தின் தனிப்படியிலேயே தங்கிவிடுகிறது. இவ்வாறு சேர்ந்த திருத்தங்கள் நூற்றுக்கணக்காகும்போது புதிய பதிப்புக்கு மாறுவதே பெருஞ்செலவாகிறது. உள்ளிருந்து பொதுத்திட்டத்துக்காக வாதாடிய பொறியாளர் வேறு பணிக்குச் சென்றுவிட்டால், பங்களிப்பு ஓசையின்றி நின்றுவிடும். பேராசையைவிட இந்த அயர்ச்சியே பெரும்பாலான விலகல்களுக்குக் காரணம் என்பது என் கருத்து.

விளைவு எளியதன்று. இணையப் பரிமாற்றங்களை மறையாக்கம் செய்யும் ஓபன் எஸ்எஸ்எல் மென்பொருளில் 2014ஆம் ஆண்டு ‘ஹார்ட்பிளீட்’ என்னும் பிழை வெளிப்பட்டது. ஈராண்டுகளாக அது பயன்பாட்டில் இருந்த நிரலுக்குள்ளேயே கிடந்தது. உலகின் பெருநிறுவனங்கள் சார்ந்திருந்த அந்நிரலை மிகச் சிலரே பராமரித்து வந்தனர். அதன்பின்னரே நிறுவனங்கள் பல ஒன்றுகூடி நிதி திரட்டின.

நிறுவனங்களைப் பழிப்பதால் மட்டும் நிரல் திருந்திவிடாது. திட்டத்தின் பெயரும் ஆட்சியும் ஒரே நிறுவனத்தின் கையில் இராதவாறு அமைத்துக்கொள்வதே காப்பு. லிப்ரே ஆபீஸ் அவ்வழியே சென்றது. அதற்கான அறக்கட்டளை 2012இல் பெர்லினில் பதிவு செய்யப்பட்டது. 2023ஆம் ஆண்டு ரெட் ஹேட் நிறுவனம், தன் லினக்ஸின் வருங்காலப் பதிப்புகளில் லிப்ரே ஆபீஸைச் சேர்க்கப்போவதில்லை என அறிவித்தது. அதன் பின்னரும் லிப்ரே ஆபீஸின் புதிய பதிப்புகள் வெளிவந்தன.