வாங்கிப் பூட்டுகிறவர்கள்

காசு கொடுத்து வாங்கியவன் தன் பொருளை விற்பான், பூட்டி வைப்பான், அடுப்பிலும் வைப்பான். கேட்க நீ யார் என்று ஒரு வாதம் உண்டு. கத்தரிக்காய் விஷயமானால் நானும் தலையை ஆட்டிவிடுவேன். ஒரு கலைஞனின் முதல் படைப்பைப் பற்றியும் அதையே சொல்லும்போது எனக்குக் கோபம் வருகிறது.

நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதிக்காரர் லார்ஜ் புரொஃபஸர். ராப் சொல்கிறவர், பிறருடைய ராப்புக்கு இசை அமைத்துக் கொடுப்பவர். ராப் என்றதும் முகம் சுளிக்கும் வாசகர்கள் உண்டு என்பது எனக்குத் தெரியும். தாளத்தின் மேல் ஏறிக்கொண்டு பேசுகிற பேச்சு அது. பிடிக்காதவர்கள் அதை நாவல் என்று வைத்துக்கொண்டு மேலே படிக்கலாம். என் வழக்குக்கு இரண்டும் ஒன்றுதான்.

1991-ல் தம்முடைய 'மெயின் சோர்ஸ்' குழுவின் இசைத்தட்டில், அதுவரை யாரும் அறியாத ஓர் இளைஞனுக்கு இவர் இடம் கொடுத்தார். அந்த இளைஞன்தான் நாஸ். 1994-ல் நாஸின் முதல் ஆல்பம் 'இல்மாட்டிக்' வந்தபோது அதில் மூன்று பாட்டுக்களுக்கு இசை இவருடையது. பாதுகாக்க வேண்டிய ஒலிப்பதிவுகளின் பட்டியலில் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகம் 2021-ல் அதைச் சேர்த்துக்கொண்டது.

ஏணியைப் பிடித்து நின்றவர் என்ன ஆனார்? ஜெஃபன் கம்பெனிக்காகத் தம் முதல் தனி ஆல்பத்தைச் செய்தார். 1996-ல் இரண்டு பாட்டுக்கள் தனித்தனியே வெளிவந்தன. ஆல்பம் வரவில்லை. அது முறையாக வெளிவந்தது 2009-ல்! பதின்மூன்று வருஷம். ஆறு மாதத்துக்கொரு தரம் மோஸ்தர் மாறுகிற கலையில், இருபதுகளில் இருந்த ஒருவருடைய குரல் பதின்மூன்று வருஷம் அலமாரியில் கிடந்தது.

வேண்டாம் என்று கதையைத் திருப்பி அனுப்பும் பத்திரிகாசிரியர்களை நான் மனசுக்குள் எவ்வளவோ திட்டியிருக்கிறேன். ஆனால் அவர்கள் யோக்கியர்கள். திரும்பி வந்த கதையோடு அடுத்த வீட்டுக் கதவைத் தட்டலாம். வாங்கிப் பூட்டுகிறவனோ நம்மை வெளியேயும் விடமாட்டான், உள்ளேயும் விடமாட்டான்.

'கம்பெனி பணம் போட்டிருக்கிறதே' என்பார்கள். இத்தகைய ஒப்பந்தங்களில் ஒலிப்பதிவுச் செலவைப் பெரும்பாலும் கலைஞனின் பங்கில்தான் கழிக்கிறார்கள். தட்டே வராவிட்டால் பங்கு ஏது? கணக்குப் புத்தகத்தில் செலவு மட்டும் அவன் பெயரில் நிற்கும்.

கொடுத்த உரிமையைத் திரும்பப் பெற அமெரிக்காவின் 1976-ஆம் வருஷச் சட்டம் வழி வைத்திருக்கிறது. முப்பத்தைந்து வருஷம் காத்திருக்க வேண்டும்! அப்போதும், இது கூலிக்குச் செய்த வேலை, அந்த விதி இதற்குப் பொருந்தாது என்று கம்பெனிகள் வழக்காடுகின்றன. இந்த விஷயத்தில் நம் நாட்டுப் பதிப்புரிமைச் சட்டம் எவ்வளவோ மேல். வாங்கியவர் ஒரு வருஷத்துக்குள் உரிமையைப் பயன்படுத்தாவிட்டால் அது காலாவதியாகும் என்கிறது 19-வது பிரிவு. படித்தவுடன் கைதட்டத் தோன்றுகிறது. அடுத்தாற்போலவே 'ஒப்பந்தத்தில் வேறு விதமாகக் குறிப்பிடாத வரையில்' என்று ஒரு வால்!

ஒப்பந்தம் எழுதுகிறவர் யார்? கம்பெனியின் வக்கீல். கையெழுத்துப் போடுகிறவன் முதல் வாய்ப்பு கிடைத்த சந்தோஷத்தில் நாலாம் பக்கத்தைக் கூடப் புரட்டாதவன். அந்த வாலை வெட்டச் சொல்கிறேன். அங்கே முப்பத்தைந்து வருஷத்தை இரண்டாகக் குறைக்கச் சொல்கிறேன். இரண்டு வருஷத்தில் வெளியிட மனமில்லாதவர்கள் பதிவை அவனிடமே கொடுத்துவிடட்டும்; கைவண்டியில் வைத்தாவது அவன் விற்றுக்கொள்வான்.