நகல் இருந்தால் மட்டும் போதுமா?

நம் வணிகப் பெருமக்களில் பலர் கணிப்பொறியில்தான் பில் போடுகிறார்கள். சரக்கு இருப்பு, பற்று வரவு, ஜி.எஸ்.டி. கணக்கு அனைத்தும் அதற்குள் அடங்கிவிட்டன. கடையில் ஒரு சர்வர், குடோனில் ஒரு சர்வர் என்று வைத்து, ஒன்றில் பதிவது மற்றொன்றிலும் உடனுக்குடன் பதிவாகும்படி செய்துள்ள மொத்த வியாபாரிகளும் உண்டு. "இரண்டு பிரதி இருக்கிறதே, இனி என்ன பயம்?" என்பது அவர்கள் நினைப்பு. விற்பவர்களும் அப்படிச் சொல்லியே விற்கிறார்கள். இந்த நிம்மதி பாதிதான் சரி என்பது நமது கருத்து.

ஒரு டிஸ்க் பழுதானால் இரண்டாவது சர்வர் கைகொடுக்கும், சந்தேகமில்லை. ஆனால் கணக்குப்பிள்ளை கை தவறி ஒரு வருடப் பற்று வரவை அழித்துவிட்டால்? அந்த அழிப்பும் அடுத்த நொடியே குடோனுக்குப் போய்விடும். பில் புத்தகத்தில் கார்பன் தாள் வைத்து எழுதுவது போலத்தான். மேல்தாளில் விழும் பிழை அடித்தாளிலும் விழும்.

இதற்கு மருந்துதான் 'ஸ்நாப்ஷாட்'. நம் பாஷையில் சொன்னால், அன்றாடம் கணக்கு முடித்து, கோடு போட்டு, இருப்புக் கட்டுவது. அந்த நேரத்தில் டிஸ்க்கில் இருந்த நிலை அப்படியே நிற்கும்; பிறகு எழுதுவது அதைத் தொடாது. முழுவதையும் பிரதி எடுப்பதில்லை என்பதால் நொடியில் முடிந்துவிடும். பின்னால் மாறும் பகுதிகளுக்கு மட்டுமே கூடுதல் இடம் பிடிக்கும்.

இரண்டு சர்வர்களை ஒத்துப் போகச் செய்வதற்கும் இதுவே நல்ல வழி. பழைய வாடிக்கையாளரோடு கணக்குப் பார்க்கும்போது, இருவரும் கடைசியாக ஒப்புக்கொண்ட பாக்கியிலிருந்து தொடங்குகிறோம் அல்லவா? அதுபோல, இரு சர்வர்களிலும் உள்ள கடைசிப் பொது ஸ்நாப்ஷாட்டுக்குப் பின் மாறியதை மட்டும் அனுப்பினால் போதும். இரண்டு நாள் இணைப்பு அறுந்தாலும், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அந்தப் பொது ஸ்நாப்ஷாட்டை ஒரு பக்கம் அழித்துவிட்டால் மட்டும், அதற்கு முந்தைய பொதுப் பிரதியைத் தேட வேண்டும். அதுவும் இல்லையென்றால் முதலிலிருந்து அனுப்ப வேண்டும்.

பெரிய நிறுவனங்களே இதில் அடிபட்டிருக்கின்றன. மென்பொருள் எழுதுவோர் பயன்படுத்தும் கிட்லாப் சேவையில், 2017 ஜனவரி 31 அன்று இரண்டாவது சர்வர் முதல் சர்வரோடு ஒத்துப் போகாமல் பின்தங்கியது. அதைச் சரிசெய்ய முயன்ற ஊழியர், இரண்டாவதில் அழிக்க வேண்டியதை முதல் சர்வரில் அழித்துவிட்டார். சுமார் 300 ஜி.பி. தரவில் மிஞ்சியது 4.5 ஜி.பி. மட்டுமே. வழக்கமான பிரதி எடுப்போ நெடுநாளாகத் தோல்வியடைந்து வந்தது, யாரும் கவனிக்கவில்லை. வேறு வேலைக்காக 6 மணி நேரம் முன்பு எடுத்திருந்த ஒரு ஸ்நாப்ஷாட்தான் காப்பாற்றியது. இடைப்பட்ட 6 மணி நேரப் பதிவுகள் போனது போனதுதான்.

அதே ஆண்டு ஜூன் 27 அன்று, உக்ரைன் நாட்டு வரிக்கணக்கு மென்பொருள் ஒன்றின் வழியே நாட்பெட்யா வைரஸ் பரவியது. கப்பல் நிறுவனமான மெர்ஸ்க், உலகெங்கும் தன்னைத்தானே ஒத்துப் பார்த்துக்கொள்ளும் சர்வர்களை வைத்திருந்தும், அவை ஒரே அடியில் வீழ்ந்தன. தப்பியது கானாவில் மின்வெட்டால் இணைப்பு அறுந்திருந்த ஒரே சர்வர்! ஒட்டாமல் நின்ற பிரதிதான் உயிர்ப்பிரதி ஆயிற்று.

நமக்கு இது சட்டக் கடமையும்கூட. ஜி.எஸ்.டி. விதி 57, மின்னணுக் கணக்குகள் விபத்தில் அழிந்தாலும் நியாயமான காலத்தில் மீட்கக்கூடியபடி பிரதி வைத்திருக்க வேண்டும் என்கிறது. ஆண்டு ரிட்டர்ன் கெடு தேதியிலிருந்து 72 மாதங்கள் கணக்குகளைப் பாதுகாக்கவும் வேண்டும். அதிகாரி கேட்கும்போது "கம்ப்யூட்டர் போய்விட்டது" என்ற பதில் செல்லாது.

ஆகவே உறுப்பினர்கள் செய்ய வேண்டியவை இவை. கடை மூடி, பில் மென்பொருளை நிறுத்திய பின் தினமும் ஒரு ஸ்நாப்ஷாட் எடுக்கட்டும். பாதி எழுதிய பில்லோடு எடுத்த பிரதியை நம்ப முடியாது. ஸ்நாப்ஷாட் அதே டிஸ்க்கில்தான் இருக்கிறது. டிஸ்க் போனால் அதுவும் போகும். எனவே அதை இரண்டாவது சர்வருக்கும் அனுப்புங்கள். அங்கே பழைய ஸ்நாப்ஷாட்டுகளை அழிக்கும் கடவுச்சொல் கல்லாவில் உட்காருபவரிடம் இருக்கலாகாது. வாரம் ஒருமுறை தனி டிஸ்க்கில் ஒரு பிரதி எடுத்து, வயரைக் கழற்றி, பூட்டி வையுங்கள்.

எல்லாவற்றுக்கும் மேலாக, மாதம் ஒருமுறை பழைய தேதி ஒன்றை வேறு கணிப்பொறியில் மீட்டு, அன்றைய விற்பனைத் தொகை சரியாக வருகிறதா என்று பாருங்கள். மென்பொருள் விற்பவர், பணம் வாங்குவதற்கு முன் இதை நம் கண்முன் செய்து காட்ட வேண்டும். இதை ஒரு நிபந்தனையாக வைக்க வணிகர்கள் ஒன்றுபட வேண்டும். எடை போட்டுப் பார்க்காமல் நாம் மூட்டை இறக்குவதில்லை. மீட்டுப் பார்க்காத பிரதியை மட்டும் ஏன் நம்ப வேண்டும்?