கரண்டு வாங்கினோம், கிணற்றை விட்டுவிட்டோம்!



1970 ஜூன் 19ல் மின்கட்டண உயர்வை எதிர்த்துப் பெருமாநல்லூரில் திரண்ட விவசாயிகள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. மூன்று பேர் செத்தார்கள். 1972ல் நாராயணசாமி நாயுடு தலைமையில் நம் அய்யன்மார் கட்டை வண்டிகளை ஓட்டிப்போய் கோவை நகரத்தையே மறித்தார்கள். அப்படி ரத்தம் சிந்தி நடத்திய போராட்டங்களின் தொடர்ச்சியாகத்தான் 1990ல் எல்லா விவசாயப் பம்புசெட்டுக்கும் இலவச மின்சாரம் கிடைத்தது.

கரண்டு வந்துவிட்டது. தண்ணீர் எங்கே?

அவிநாசி, பல்லடம், காங்கயம் பக்கம் ஒரு நடை போய்ப் பாருங்கள். மோட்டார் ரூம் நிற்கிறது. சர்வீஸ் அப்பாரு பேரிலேயே இருக்கிறது. கிணற்றை எட்டிப் பார்த்தால் சுவரில் அரசமரம், அடியில் சீமைக்கருவேல முள், பழைய டயர், கோழிப்பண்ணைக் கழிவு. கடப்பாரையும் வெடிமருந்துமாகப் பாறையை உடைத்து, வீட்டுப் பெண்களின் நகையை அடகு வைத்துத் தோண்டிய கிணறு அது. கவலை ஓட்டி இறைத்து நம்மையெல்லாம் படிக்க வைத்த கிணறு. அதை இன்றைக்குக் குப்பைத் தொட்டி ஆக்கியிருக்கிறோம். இதில் அரசாங்கத்தை மட்டும் திட்டிப் பயனில்லை, நம் மேலும் குற்றம் இருக்கிறது.

கிணறு வற்றியதும் நாம் செய்தது என்ன? திருச்செங்கோட்டு ரிக் வண்டியைக் கூப்பிட்டோம். 300 அடி போட்டோம். பக்கத்துக் காட்டுக்காரர் 600 போட்டார், நம் போர் நின்றது. நாம் கடன் வாங்கி 1000 அடி போட்டோம். புகைதான் வந்தது. கடைசியில் பணம் உள்ளவன் போரில் தண்ணீர், இல்லாதவன் காட்டில் 'விற்பனைக்கு' என்ற போர்டு. 2020ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டின் 1,166 பிர்காக்களில் 435 பிர்காக்கள் அளவுக்கு மீறி நீர் உறிஞ்சப்பட்டவை என்று எழுதப்பட்டது. போர் போட்டியில் சிறு விவசாயி என்றைக்கும் ஜெயிக்க முடியாது என்பதை இதற்கு மேல் யார் வந்து சொல்ல வேண்டும்?

கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆறரை இஞ்சு போர் ஆயிரம் அடிக்கும் தண்ணீர் நிரம்பி நின்றாலும் அதில் இருப்பது சுமார் 6,500 லிட்டர்தான். 30 அடிக்கு 30 அடி, 60 அடி ஆழக் கிணறு நிரம்பினால் 15 லட்சம் லிட்டர்! நமது பூமி கரும்பாறை பூமி. மேல்மண்ணுக்குக் கீழே உளுத்த பாறை, அதற்கும் கீழே கெட்டிப் பாறை. மழைத்தண்ணீர் தங்குவது உளுத்த பாறையிலும் பாறை வெடிப்பிலும்தான். அந்த வெடிப்புகள்தான் கிணற்றின் ஊற்றுக்கண். முப்பது வருசச் சேறு அதை அடைத்துக்கொண்டிருந்தால் எத்தனை மழை பெய்து என்ன?

மழையே இல்லையே என்பார்கள். ஒரு ஏக்கரில் ஒரு இஞ்சு மழை பெய்தால் ஒரு லட்சம் லிட்டர். நாலு ஏக்கர் காட்டுக்கு நாலு லட்சம். மண் குடித்தது போகக் கால்வாசி ஓடினாலும் ஒரு லட்சம் லிட்டர் இட்டேரி வழியாகப் பள்ளத்துக்குப் போய்ச் சேருகிறது. நம் வரப்பைத் தாண்டிப் போகிற அந்தத் தண்ணீரைத்தான் கிணற்றுக்குத் திருப்பச் சொல்கிறோம்.

"நான் கிணத்துல விட்டா பக்கத்துக் காட்டுக்காரன் போருக்கல்லவா போகும்?" என்று நம் கூட்டத்திலேயே ஒரு பெரியவர் கேட்டார். கேட்டது நியாயம், போகத்தான் செய்யும். அதனால்தான் ஒருத்தர் செய்து பலனில்லை, ஊரே செய்ய வேண்டும் என்கிறோம். குஜராத்தின் சௌராஷ்டிரா பகுதியும் நம்மைப் போலப் பாறை பூமிதான். 1985 முதல் 1987 வரை தொடர்ந்து பஞ்சம் பட்டபின், அங்கே விவசாயிகள் ஊர் ஊராகச் சேர்ந்து மழைத்தண்ணீரைத் தங்கள் திறந்தவெளிக் கிணறுகளுக்குள் திருப்பிவிட்டார்கள். அரசாங்க உத்தரவுக்கு அவர்கள் காத்திருக்கவில்லை.

நம்மிடம் திட்டம் வராமல் இல்லை. 2007-08 மத்திய பட்ஜெட்டில் தமிழ்நாடு உட்பட ஏழு மாநிலங்களுக்குக் கிணறு மூலம் நிலத்தடி நீர் செறிவூட்டும் திட்டம் அறிவித்தார்கள். சிறு, குறு விவசாயிக்கு முழு மானியம் என்றார்கள். எவ்வளவு? ஒரு கிணற்றுக்குச் சராசரி 4,000 ரூபாய்! அதுவும் வடிகட்டும் குழிக்கும் பைப்புக்கும்தான். சேற்றை யார் எடுப்பது? கிரேன் வாடகைக்கு முதல் நாளே தீர்ந்துபோகும் தொகை அது. 2024 ஆகஸ்டில் 1,916 கோடியில் அத்திக்கடவு - அவிநாசித் திட்டம் தொடங்கி, 1,045 குளம் குட்டைகளுக்குப் பவானி உபரிநீர் என்றார்கள். பல காலம் போராடி வாங்கியது, வரவேற்கிறோம். ஆனால் குட்டைக்குக் கீழே இருக்கும் கிணறு தூர்ந்து கிடந்தால் அந்தத் தண்ணீரை எதில் இறைப்பது?

இன்னொரு சிக்கல் கூட்டுக் கிணறு. நாலு பங்காளி, ஆளுக்குக் கால் பங்கு, முறை வைத்து இறைத்த கிணறு. ஒருத்தர் திருப்பூரில் பனியன் கம்பெனி, ஒருத்தர் பெங்களூர், ஒருத்தர் பேசுவதே இல்லை. ஊரில் இருக்கும் ஒருவர் தூர்வார மனுக் கொடுத்தால், எல்லாப் பங்குதாரர் கையெழுத்தும் வாங்கி வா என்று அலுவலகத்தில் திருப்பி அனுப்புகிறார்கள். நம் செயலாளரே இப்படி மூன்று முறை அலைந்து திரும்பியவர்தான். தூர்வாருவதால் யார் பங்கும் குறையப் போவதில்லை. உழவடையில் இருப்பவர் கையெழுத்துப் போதும் என்று உத்தரவு போட அரசுக்கு ஒரு பைசா செலவில்லை!

வேலையில் இறங்குவோருக்குச் சில வார்த்தை. பாழ்கிணற்றில் விசவாயு இருக்கும். தீயணைப்பு நிலையத்தில் கேட்காமல் ஆளை இறக்காதீர்கள், இடுப்பில் கயிறு இல்லாமல் யாரும் இறங்க வேண்டாம். உள்ளே ஒருவர் மயங்கினால் காப்பாற்றப் போகிறேன் என்று இன்னொருவர் குதிப்பதால்தான் ஒரு வீட்டில் ரெண்டு சாவு விழுகிறது. சுவர் இடிந்த பக்கத்தை முதலில் கட்டுங்கள். மழைத்தண்ணீரை நேரே விட்டால் மறுபடி மண்தான் சேரும். கிணற்றுக்குப் பத்தடி தள்ளி ஆறடிக் குழி எடுத்து, கல், ஜல்லி, மணல் போட்டு, தெளிந்த தண்ணீரைப் பைப்பில் இறக்குங்கள். முதல் மழையை விட்டுவிடுங்கள். மருந்தடித்த காட்டுத் தண்ணீர், சாயத் தண்ணீர், பண்ணைக் கழிவு ஒரு சொட்டும் கூடாது. குடிக்க எடுக்கும் கிணற்றில் இதைச் செய்யவே வேண்டாம்.

சிறு, குறு விவசாயியின் கிணற்றில் தூர்வாரும் செலவு முழுவதையும் அரசே ஏற்க வேண்டும். கூட்டுக் கிணற்றுக்குக் கையெழுத்து விதியைத் தளர்த்த வேண்டும். குளம் குட்டைக்குக் கீழுள்ள கிணறுகளை முதலில் எடுக்க வேண்டும். இவற்றைக் கேட்டு, வரும் விவசாயிகள் குறைதீர்க்கும் நாளன்று கலெக்டர் ஆபீஸ் முன்பு கூடுகிறோம். ஆளுக்கு ஒரு கூடை, தங்கள் கிணற்றுச் சேற்றோடு வாருங்கள். பெண்கள் கட்டாயம் வரவேண்டும், தண்ணீர்க் கஷ்டம் அவர்களுக்குத்தான் அதிகம். கிணற்றின் சர்வே நம்பர், ஆழம், பங்குதாரர் எத்தனை பேர், எந்த வருசம் வற்றியது என்பதை ஒரு தாளில் எழுதிக் கிளைச் செயலாளரிடம் முந்தின நாளே கொடுத்துவிடுங்கள்.