கேள்வி கேட்கவும் நாமே காசு கொடுக்கணுமா?



கணக்கில் இருநூறு ரூபாய் காணோம்னு வங்கிக்குப் போன் போடுகிறோம். பாட்டு ஓடுகிறது, கூடவே நம்ம காசும் ஓடுகிறது. ஆள் பேசுவதற்குள் பேலன்ஸ் காலி!

காரணம் என்ன? 1800 என்று தொடங்கும் எண்ணுக்குச் செலவு வங்கியுடையது. 1860 என்று தொடங்கினால் நம்முடையது. பிடித்தது அவர்கள், ஏன் என்று கேட்கும் செலவு நம் தலையிலா?

2017 ஜூலை 6-ல் ரிசர்வ் வங்கி என்ன உத்தரவு போட்டது? கணக்கில் மோசடி நடந்தால் சொல்ல, 24 மணி நேரமும் இலவசப் போன் எண் வேண்டும் என்றது. நம் தவறும் வங்கித் தவறும் இல்லாமல் வெளியாள் திருடினால், வங்கித் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் சொன்னால் நமக்கு நட்டம் இல்லை என்றது. அந்த மூணு நாளும் பாட்டு கேட்டே போனால் நட்டம் யாருக்கு?

பெருமுக்கல் கழனியில் பாடுபடுபவரும் மரக்காணம் உப்பளத்தில் உப்பு வாருபவரும் ஏமாந்தது போதும்! புகாரை எழுதிக் கொடுங்கள், ரசீது வாங்குங்கள். 30 நாளில் பதில் இல்லையா? ரிசர்வ் வங்கிக் குறைதீர்ப்பாளருக்கு எழுதுங்கள், கட்டணம் கிடையாது.

வங்கி நிர்வாகமே!
காசு பிடுங்கும் எண்ணை எடு!
இலவச எண்ணைப் பாஸ்புக்கிலும் கிளை வாசலிலும் தமிழில் எழுதிப் போடு!

இப்படிக்கு,
விவசாயிகள் சங்கத்தினர்,
பெருமுக்கல்