பெரும்பாக்கத்தின் வெப்பம் யார் கணக்கில்?

நகர வெப்பத்தை ஆராய்பவர்களின் அடிப்படைக் கணக்கு ஒரு கழித்தல்தான். நகரத்தின் வெப்பநிலையிலிருந்து சுற்றுப்புறத்தின் வெப்பநிலையைக் கழிக்க வேண்டும். லண்டனில் லூக் ஹோவர்டு இதைத்தான் செய்தார். 1818இல் வெளிவரத் தொடங்கிய அவருடைய நூல், இரவில் லண்டன் சுற்றியுள்ள கிராமப்புறத்தைவிடச் சூடாக இருப்பதைக் காட்டியது. சென்னையை முனைவர் பட்டத்துக்காக ஆராயும் நானும் அதே கழித்தலைத்தான் செய்கிறேன்.

ஆனால் எது நகரம், எது வெளி? சென்னையில் நெடுங்காலப் பதிவுள்ள நிலையங்கள் நுங்கம்பாக்கமும் மீனம்பாக்கமும். ஒரு காலத்தில் ஊருக்கு வெளியே இருந்த மீனம்பாக்கத்தை நகரம் எப்போதோ விழுங்கிவிட்டது. இரண்டுக்குமான வித்தியாசம் குறைந்தால் நுங்கம்பாக்கம் குளிர்ந்துவிட்டதாக யாரும் நினைக்க வேண்டாம். இதைச் சரிசெய்யப் புள்ளியியலில் வழி உண்டு.

பெரும்பாக்கத்துக்கு அப்படி எளிய வழி இல்லை. கூவம், அடையாற்றுக் கரைகளில் வாழ்ந்த மக்களை, பெரும்பகுதி தலித்துகளை, 2015 வெள்ளத்துக்குப் பிறகு அரசு அங்கே கொண்டுபோய்க் குவித்தது. அந்த எட்டு அடுக்குக் குடியிருப்புகள் மாநகராட்சி எல்லைக்கு வெளியே, ஒரு ஊராட்சியில் இருக்கின்றன. மாநகராட்சி எல்லையே நகரம் என்று வைத்துக்கொண்டால், பெரும்பாக்கம் 'சுற்றுப்புறம்' ஆகிவிடும். நகரம் வெளியேற்றிய மக்களின் வீட்டுச் சூடு, நகரத்தின் வெப்பத்தைக் குறைத்துக் காட்டப் பயன்படும்! ஊர், சேரி என்று பிரித்தவர்களுக்கு இந்த எல்லைக்கோடு புதிதல்ல.

எல்லையை மாற்றினாலும் கருவி மிச்சமிருக்கிறது. வானிலை நிலையத்தின் வெப்பமானி, திறந்த வெளியில், காற்றுப் புகும் வெள்ளைப் பெட்டிக்குள் இருக்கிறது. லேண்ட்சாட் செயற்கைக்கோள் காலை பத்து மணிவாக்கில் கடந்துபோகும்போது பார்ப்பது கூரையின் மேற்பரப்பை. கான்கிரீட் பகலில் வாங்கிய சூட்டை இரவில்தான் விடுகிறது. மின்விசிறி ஓடியும் தூங்க முடியாத ஒற்றை அறையை இவை இரண்டுமே பார்ப்பதில்லை.

2024இல் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது. இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம். நல்ல முடிவுதான். ஆனால் கடலோரத்தில் வெப்ப அலை என்று சொல்ல, வானிலை நிலையத்தின் பகல் உச்சம் 37 டிகிரியைத் தொட வேண்டும், இயல்பைவிட 4.5 டிகிரியாவது கூட வேண்டும். இரவு அந்த அளவுகோலில் இல்லை. பெரும்பாக்கத்திலும் கண்ணகி நகரிலும் புளியந்தோப்பிலும் வீட்டுக்குள் வெப்பமானி மாட்டி, இரவு அளவையும் அரசு பதிவு செய்ய வேண்டும். அடுத்த அடுக்குமாடிக்கு வரைபடம் போடும் முன் அந்தப் பதிவைக் குடியிருப்பவர்கள் முன்னால் வைக்க வேண்டும்.